ஒரு ஆளுக்கு

குணவதியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னைச் சாப்பிடப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, மூக்கில் குழாயோடு, என் சட்டையின் கீழ்ப் பொத்தானைப் பிடித்துத் தள்ளினாள். "போய்ச் சாப்பிட்டு வாங்க. தயிர்சாதம் மட்டும் வாங்காதீங்க, இந்நேரத்துக்குப் புளிச்சிருக்கும்." நான் போனேன். எலுமிச்சைச் சாதம் வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். கை கழுவிக்கொண்டு மாடியேறி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். காரியத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக என் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். தயிர்சாதம் வாங்க வேண்டாம் என்றாள். ஒருவர் என் முதுகைத் தடவினார். இன்னொருவர் என் மகளிடம் போய், அப்பாவைக் கொஞ்சம் கவனிச்சுக்கம்மா, பேச்சு ஒரு மாதிரி இருக்கு என்றார். அவர்களுக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது. எனக்கும்தான் வேண்டியிருந்தது. அத்தனை வருஷம் கூடவே இருந்தவள், போகிற நேரத்தில் கேன்டீன் தயிரைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாள் என்றால் யார் மேல் கோபப்படுவது? அன்றிலிருந்து யாராவது "சாப்டாச்சா?" என்று கேட்டால் எனக்குப் பிடரியில் சூடு ஏறுகிறது. இந்த ஊரில் அதைக் கேட்காதவர்கள் யார்? பால்காரர் கேட்கிறார், நாங்கள் இப்போது இருக்கும் தகர ஷெட் வரிசையின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவல்காரர் கேட்கிறார், என் மகள் எழிலரசி தினமும் மத்தியானம் ஓசூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டுக் கேட்கிறாள். இப்போது குக்கர் வாங்க வந்த கடையில் இந்தப் பெண்ணும் அதையேதான் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டாள். "எத்தனை பேருக்கு சார் சாதம் வைக்கணும்?"

"ஒரு ஆளுக்கு" என்றேன். "பேச்சிலருக்கா சார்? உங்க பையனுக்கா?" என்றாள். சட்டையில் ஹேமா என்று பெயர் எழுதிய அட்டை குத்தியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் லூர்துமேரி முந்திக்கொண்டாள். "பேச்சிலர்தாம்மா. இவருக்குத்தான். பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம், உனக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லு." அந்தப் பெண் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. லூர்துமேரி எனக்குப் பக்கத்து ஷெட். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "நீங்க தனியாப் போனா உங்க தலையில ஃபிரிட்ஜையே கட்டிடுவானுங்கண்ணே" என்றாள். கடைக்குள் நுழைந்ததிலிருந்து ஒவ்வொரு மிக்ஸியின் மூடியையும் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். மிக்ஸியில் முகர என்ன இருக்கிறது? கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வரும். ஹேமா ஒரு வரிசையைக் காட்டினாள். எல்லாம் பெரிய பெரிய குக்கர்கள், கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி வயிறு தள்ளி உட்கார்ந்திருந்தன. சின்னது வேண்டும், ஃபியூஸ் போகக் கூடாது என்றேன். "இதுதான் சார் சின்னது, நாலு பேருக்கு." இதைவிடச் சின்னது. "அது கீழ குடோன்ல இருக்கு சார், அதை யாரும் கேக்க மாட்டாங்க, எடுத்துட்டு வரேன், உக்காருங்க." பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் கேட்க மாட்டார்கள். இந்த நகரத்தில் எத்தனை லட்சம் பேர் ஒற்றை அறையில் ஒற்றைப் பாயில் படுத்து எழுந்திருக்கிறார்கள், அவர்கள் எல்லாரும் நாலு பேருக்கு வடித்துவிட்டு மூன்று பேர் பங்கைக் கொட்டுகிறார்களா?

எனக்கு வேண்டியது ஒரு குக்கர். அதற்கு இத்தனை அமர்க்களம். எங்கள் பழைய குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். கட்டி முடியும்வரை கால்வாய் ஓரம் தகர ஷெட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் அறை, நடுவே பிளைவுட் தடுப்பு, லூர்துமேரி அந்தப் பக்கம் இருமினால் என் டம்ளர் அதிரும். பிளைவுட் என்பதால் உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது, சிலிண்டர் வைக்கக் கூடாது. வரிசைக் கடைசியில் பொதுவாக ஒரு சமையல் கொட்டகை இருக்கிறது. நான் போனேன், போகாமல் இல்லை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அங்கே சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிற்கவே விடவில்லை. "நீங்க போங்க தாத்தா, நாங்க வடிச்சுத் தரோம்." கரண்டியைக் கையிலிருந்து பிடுங்கினார்கள். மறுநாளும் பிடுங்கினார்கள். பிடுங்குகிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது, அன்பாக அல்லவா பிடுங்குகிறார்கள்? மோட்டார் ஓட்டியவன் நான். தண்ணீர் ஏற்று நிலையத்தில் முழு வேலைக்காலமும் இரவு ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் என்று ஓட்டியவன். எனக்குச் சோறு வடிக்கத் தெரியாதா? எழில் பிறந்தபோது குணவதி தாய்வீட்டில் இருந்த நாளெல்லாம் யார் வடித்தார்கள்? ஆனால் அதைச் சொன்னால் இன்னும் அதிகமாகப் பரிதாபப்படுவார்கள். எழில் ஓசூரிலிருந்து பெரிய கரன்ட் குக்கர் ஒன்றை வாங்கி அனுப்பினாள். அட்டைப்பெட்டியைப் பிரித்து, கழுவி, அரிசி போட்டு, சுவிட்சைத் தட்டினேன். வரிசை முழுக்க மின்சாரம் போய்விட்டது. எல்லா ஷெட்டுக்கும் ஒரே ஒயர். "யார்யா அது, யார் வீட்ல ஹீட்டர்?" என்று ஒரு பக்கமிருந்து குரல், கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒருவன் என் வாசலில் நின்றுகொண்டு, பெரியவராச்சேன்னு பாக்கறேன் என்றான். பெரியவராக இல்லாவிட்டால் என்ன செய்திருப்பான்? அந்தக் குக்கர் இப்போது கட்டிலடியில் இருக்கிறது. அதில் என் பனியன்களை மடித்து வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய வெட்கம். சாப்பாட்டைக் காட்டுங்கள் என்று எழில் வீடியோவில் கேட்பாள். வெறும் பன்னைக் காட்ட முடியுமா? லூர்துமேரி ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். நான் அதைக் காட்டினேன். நானே சமைத்தேன் என்று வாயால் சொல்லவில்லை, சொல்லாமலே அப்படி ஆகிவிட்டது. நாலைந்து நாள் ஓடியது. ஒரு நாள் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். சோறு குறையக் குறையத் தட்டின் விளிம்பு வெளியே வந்தது. "அப்பா, தட்டைக் கொஞ்சம் திருப்புங்க. இன்னும் கொஞ்சம். அது யாருப்பா மரியதாஸ்?" விளிம்பின் உள்பக்கம் பொடி எழுத்தில் வெட்டியிருந்தது: மரியதாஸ் - லூர்துமேரி திருமண அன்பளிப்பு. பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் விடாத ஜனங்கள் நாம். எங்கள் வீட்டிலும் எல்லாவற்றிலும் வெட்டியிருக்கும், கரண்டிக் காம்பில்கூட மா. குணவதி என்று இருக்கும். ஒரு குடியிருப்பில் அத்தனை குடும்பம் ஒரே பைப்படியில் பாத்திரம் துலக்கினால் வெட்டாமல் என்ன செய்வது? அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த வீட்டுத் தட்டை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். எழில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. அவள் அம்மா மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா, நீங்க சமைக்கவே இல்ல. அடுத்த வீட்ல வாங்கிச் சாப்புடுறீங்க. ஞாயித்துக்கிழமை நாங்க கார் எடுத்துட்டு வரோம். நீங்க கிளம்பி எங்களோட இருங்க." நான் குக்கர் வாங்கப்போகிறேன் என்றேன். "வாங்கி, வச்சுக் காட்டுங்க. இல்லன்னா ஞாயித்துக்கிழமை." ஏதோ பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி. ஓசூரில் நான் போன முறை இருந்தேன். ஹாலில் சோபாவில் படுக்கை. எல்லாரும் டிவியை அணைத்த பிறகுதான் கால் நீட்டலாம். கழிப்பறைக்குப் போனால் மாப்பிள்ளை வெளியே செருமுகிறார். நல்ல மனிதர்தான், செருமல்தான் பெரிது. பேரன் தன் நண்பர்களிடம் என்னைக் காட்டி, தாத்தா ஊர்லேந்து வந்திருக்காங்க என்கிறான். எப்போது வந்தாலும் வந்திருக்கிறவன்தான். இங்கே ஷெட்டில் நான் வந்திருக்கிறவன் இல்லை. தகரம் கொதிக்கிறது, கால்வாய் நாறுகிறது, கொசு தூக்கிக்கொண்டு போகிறது. ஆனாலும் நான் கதவைச் சாத்தினால் அது என் கதவு. அங்கே போய்விட்டால் பிறகு இங்கே வருவதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கும். காரணம் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஹேமா இரண்டு பெட்டிகளோடு வந்தாள். ஒன்று மிகச் சின்னது, வெளிர் ரோஜா நிறம், கண்ணாடி மூடியின் மேல் பூனைக்குட்டியின் காது மாதிரி இரண்டு முனை. இன்னொன்று அதைவிட ஒரு சுற்றுப் பெரியது, வெள்ளை. "ரெண்டுமே கரன்ட் கம்மிதான் சார், உங்க ஃபியூஸ் போகாது. இது ஒரு ஆளுக்கு, இது ரெண்டு மூணு பேருக்கு. ரெண்டுக்கும் விலைல பெரிய வித்தியாசம் இல்ல." இதில் காது எதற்கு என்று கேட்டேன். "க்யூட்டா இருக்கும் சார், காலேஜ் பொண்ணுங்க ஹாஸ்டலுக்கு வாங்குவாங்க." கஞ்சி வடிக்க வழி இருக்கிறதா என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தது. இல்லை சார், தண்ணி அதுவே குடிச்சுக்கும். குடித்துக்கொள்ளட்டும். குணவதி கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். பானையைச் சாய்த்து, வடிதட்டை அமுக்கி, துணியைச் சுற்றி அவள் வடிக்கும்போது அந்த ஆவியில் அவள் கண்ணாடி வெளுத்துப்போகும், எதுவும் தெரியாமல் சிரிப்பாள். வெறும் ஆவிதான். அதை இப்போது ஏன் நினைக்க வேண்டும்? கடையில் ஏசி ஓடுகிறது, முதுகு சில்லிடுகிறது, எதிரே வரிசையாக டிவிகள், எல்லா டிவியிலும் ஒரே மீன் ஒரே நேரத்தில் திரும்புகிறது. ஹேமா குக்கரைத் திருப்பி ஒரு சின்ன விளக்கைக் காட்டினாள். "வெந்ததும் அதுவே வார்முக்கு மாறிடும் சார். நீங்க பிளக்கைப் பிடுங்குற வரைக்கும் சூடா வச்சிருக்கும்." யாருக்காக? நான் பிடுங்காவிட்டால்? தலை சுற்றி விழுந்தேன் என்றால், பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் லூர்துமேரி மாவு ஆட்டிக்கொண்டிருப்பாள், இந்தப் பக்கம் இந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், சோற்றைச் சூடாக வைத்துக்கொண்டே இருக்கும், சோறு காய்ந்து பக்கத்தில் ஒட்டி, பழுப்பாகி, வாடை கிளம்பி, அந்த வாடைக்குத்தான் கதவைத் தட்டுவார்கள். இந்த மாதிரி நினைப்பு வந்தால் குணவதி "சும்மா இருங்க" என்பாள். சும்மாதானே இருக்கிறேன். சும்மா இருப்பதற்கு ஒரு குக்கர் வேண்டியிருக்கிறது.

"வெள்ளையை எடுத்துக்கங்கண்ணே" என்றாள் லூர்துமேரி. மிக்ஸிகளை விட்டுவிட்டு வந்துவிட்டாள். "அது பொம்மை மாதிரி இருக்கு. யாராவது வந்தா இன்னா பண்ணுவீங்க?" யார் வரப்போகிறார்கள் என்றேன். "பொண்ணு வரும், பேரன் வருவான்." வந்தால் கூட்டிக்கொண்டு போக வருவார்கள், சாப்பிட வரமாட்டார்கள் என்றேன். "அப்படிச் சொல்லாதீங்க. எங்க வூட்ல பாருங்க, ரெண்டு பேருதான், நான் ஆறு பேருக்குப் போடுவேன். மரியதாஸ் திட்டும். திட்டிக்கிட்டே மூணு பேரைக் கூட்டியாரும்." ஹேமாவும் சேர்ந்துகொண்டாள். "ஆமா சார், கெஸ்ட் வந்தா கஷ்டம். நெறைய பேர் சின்னதை வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவாங்க." யாராவது வந்தால். யாராவது வந்தால். இந்த இரண்டு வார்த்தைகளில்தான் எங்கள் வீடு நடந்தது. யாராவது வந்தால் என்று ஒரு பிடி கூட, யாராவது வந்தால் என்று ஒரு பாய் கூட, யாராவது வந்தால் என்று நல்ல டம்ளர்கள் மேல் தட்டில், அவற்றில் நானும் அவளும் ஒரு நாளும் குடித்ததில்லை. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். போனவர்கள் காரியத்துக்கு வந்து என் பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்கு வேண்டியது ஒரு வேளை, ஒரு வாய், ஒரு அறை. அதைச் சொன்னால் ஏன் எல்லாருக்கும் முகம் வாடுகிறது? நான் சோற்றைப் பற்றிப் பேசுகிறேன், இவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? "இதையே போடும்மா" என்றேன். ரோஜா நிறத்தையா என்று கேட்டாள். ஆமாம், காதோடு. லூர்துமேரி தலையில் அடித்துக்கொண்டாள். "பேரு வெட்டணுமா சார்? ஃப்ரீதான்" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு ஹேமாவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இதுல வெட்டக் கூடாது சார். கோட்டிங் போயிடும்." நல்லதாகப் போயிற்று.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி, பேத்திக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். லூர்துமேரி வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். இறங்கியதும், "பேத்திக்குப் பசிக்கும், சீக்கிரம் போங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தன் ஷெட்டுக்குள் போனாள். பெட்டியைப் பிரித்தேன். தெர்மாகோல் துகள் பாயெல்லாம் பறந்தது. அரிசியைக் களைந்தேன். உள்பாத்திரத்தில் கோடு போட்டிருந்தது, ஆகக் கீழே இருந்த கோடு அவர்களே கொடுத்த பிளாஸ்டிக் கப்புக்கு ஒரு கப். அதற்கும் கீழே கோடு இல்லை. அதையே போட்டேன். சுவிட்சைத் தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, யாரும் கத்தவில்லை. தண்ணீர் ஏற்று நிலையத்தில் மோட்டார் பிடிப்பதற்கு முன்னால் அப்படித்தான் நிற்போம். மூடி மெல்ல ஆடத் தொடங்கியது. கண்ணாடி மூடியில் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எழிலிடம் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். அறை எனக்குப் போதும். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கதவைத் தட்டப் பக்கத்தில் ஆள் இருக்கிறது. நான் அங்கே வந்தால் இந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு இடைஞ்சல். இதை மட்டும் சொல்லக் கூடாது, அழுவாள். விளக்கு மாறியது. மூடியைத் திறந்தேன். கொஞ்சம் குழைந்திருந்தது, ஆனால் சோறு. என் தட்டில் போட்டு, ரசப்பொடி போட்டுக் கொதிக்கவைத்த, ஃபியூஸைப் போக்காத பழைய குட்டி வெந்நீர்க் கெட்டிலிலிருந்து ரசம் ஊற்றினேன். போன் அடித்தது.

எழில் சமையலறையில் நின்றிருந்தாள், பின்னால் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் தட்டைத் தூக்கினேன், விளிம்பை அவள் பக்கம் திருப்பினேன், குக்கரையும் காதோடு காட்டினேன். "ஐயோ, இது என்னப்பா பூனை?" என்று சிரித்தாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "எத்தனை பேருக்கு வரும்?" என்றாள். ஒரு ஆளுக்கு என்றேன். "இவ்ளோதான் இருந்துச்சா கடைல?" இருந்தது, இதைவிடப் பெரியதும் இருந்தது, எனக்கு இது போதும் என்றேன். குழாயை நிறுத்தினாள். "அப்ப நாங்க வந்தா?"  வாய்க்கு வந்ததைச் சொன்னேன். லூர்துமேரி வடிச்சுக் குடுப்பா. அவள் போனைப் பார்க்காமல் எங்கோ பார்த்தாள்.  நான் மறுபடி தட்டைக் காட்டினேன், நானே வைத்தது, பார் என்றேன். "தட்டெல்லாம் காட்ட வேணாம்ப்பா. நம்பறேன்." குரல் தாழ்ந்துவிட்டது. "நாங்க ஞாயித்துக்கிழமை வரல. நீங்க அங்கயே இருங்க. உங்களுக்கு அதுதான் சரின்னா இருங்க." சரி என்றேன். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. சண்டை போடுவாள், அழுவாள், மாப்பிள்ளையைப் பேசச் சொல்வாள், நானும் ஒன்றொன்றாகச் சொல்லலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அத்தனையும் வாயிலேயே நின்றன. ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் ஒருத்தி எப்படி விட்டுவிடுவாள்? நான் கேட்டது அதுதானே, இருக்க விடு என்றுதானே கேட்டேன், கொடுத்ததற்கு ஏன் இப்படி எரிச்சல் வருகிறது? கார் வேண்டாம், கூட்டிப்போக வேண்டாம், சும்மா வந்து ஒரு மத்தியானம் இருந்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் அப்போது வரவில்லை. "சாப்பிடுங்கப்பா, ஆறிடும்" என்றாள். போன் அணைந்தது. ரசம் ஆறித்தான் போயிருந்தது. சாப்பிட்டேன். இரண்டாவது முறை போட்டுக்கொண்டேன். வேண்டுமென்றே மூன்றாவது முறையும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் இறங்கவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு ஆளுக்கு என்ற பாத்திரத்தில் இன்னும் பாதிச் சோறு இருந்தது.